குமாவுன் மலைகளில் அவசரமில்லாத பயணம்: தனி வண்டி தேவையா?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் உத்தராகண்டின் குமாவுன் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். பத்து பன்னிரண்டு நாள் ஒதுக்க முடியும். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மனைவிக்கு மூட்டுவலி. சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், ஏற்றத்தில்தான் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கும். கூட்டத்தோடு பஸ்ஸில் போகும் டூர் எங்களுக்குச் சரிப்படாது. மலையைப் பார்த்தபடி சும்மா இருக்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட வேண்டும், பழைய கோயில் ஒன்றிரண்டில் நேரம் பார்க்காமல் உட்கார வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். தனி வண்டி, டிரைவரோடு, 'ஸ்லோ டிராவல்' என்று தலைப்புப் போட்டு ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். நைனிடாலில் இரண்டு இரவு, முக்தேஷ்வர், அல்மோரா, ஜாகேஷ்வர், பின்சார், கௌசானி, சௌகோரி தலா ஒரு இரவு, முன்ஸ்யாரியில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் ராணிக்கேத்தில் ஒரு இரவு. தொகை கொஞ்சம் கனம்தான். கொடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கிறுக்கன் எழுதியது:

ஒன்பது ஊர்! தலைப்பில் மட்டும்தான் ஸ்லோ இருக்கிறது.

அல்மோராவிலிருந்து முன்ஸ்யாரி சுமார் 200 கி.மீ. திருநெல்வேலியிலிருந்து மதுரை போகிற கணக்கில் யோசிக்காதீர்கள். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேர்வீர்கள். பிர்த்தி அருவியைத் தாண்டியதும் காலாமுனி கணவாய் வரை வளைந்து வளைந்து ஏற்றம், அப்புறம் அதே மாதிரி இறக்கம். திரும்பி வரவும் அதே பாடு. உங்கள் விடுமுறையில் முழுசாக இரண்டு நாள் வண்டி சீட்டிலேயே போய்விடும். மூட்டுவலிக்கு ஏற்றத்தைவிட மோசம் மடக்கிய காலோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது.

நைனிடாலையும் அடித்துவிடுங்கள். ஏரி அழகுதான், ஆனால் மால் ரோட்டுக் கூட்டத்தில் நீங்கள் கேட்கிற எதுவும் கிடைக்காது. பவாலியிலிருந்து அல்மோரா போகிற வழியில் கைஞ்சி தாம் வரும். நீம் கரோலி பாபா ஆசிரமம். சமீப வருடங்களில் அங்கே நிற்கிற வண்டிக் கூட்டத்தைப் பார்த்தால் திருப்பதி அடிவாரம் தேவலை. வார இறுதியில் அந்தப் பாதையில் மாட்டாதீர்கள்.

மூன்று இடம் போதும். அல்மோராவுக்கு மேலே காசார் தேவி முகட்டில் நான்கு இரவு, ஜாகேஷ்வரில் இரண்டு மூன்று, பின்சார் சரணாலயத்தில் மூன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு மணி நேரத் தூரம்தான்.

பட்ஜெட்_பாலு எழுதியது:

தனி வண்டியே வேண்டாம் சார். காத்கோதாம் ரயில் நிலையத்துக்கு வெளியே அல்மோராவுக்கு ஷேர் ஜீப் வரிசையாக நிற்கும். பத்துப் பேர் சேர்ந்ததும் கிளம்பும். அரசு பஸ்ஸும் உண்டு. டிராவல்ஸ் கேட்கிற தொகையில் பாதியில் மொத்தப் பயணமும் முடியும். டிரைவரை வைத்துக்கொண்டு 'நிதானமாகப் போகிறோம்' என்பதெல்லாம் காசு இருக்கிறவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்கிற கதை. அந்த ஊர் மக்கள் எதில் போகிறார்களோ அதில் போனால்தான் அவர்களைப் பார்க்க முடியும்.

மலைக்கிறுக்கன் எழுதியது:

பாலு, மூட்டுவலி என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? ஷேர் ஜீப்பின் கடைசி சீட்டில் இடுங்கி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவில் முன்னால் இருப்பவர் ஜன்னல் வழியாக வாந்தி எடுக்க, அதில் என்ன மக்களைப் பார்ப்பது?

பட்ஜெட்_பாலு எழுதியது:

முன்சீட்டு இரண்டையும் காசு கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாரும் செய்வதுதான். சரி, சண்டை வேண்டாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற அன்று மட்டும் டாக்ஸி பிடிக்கலாமே? நீங்களே சொன்ன மாதிரி மூன்று இடம் என்றால் மொத்தம் நான்கு நாள்தான் வண்டி வேண்டும். மீதி நாளெல்லாம் அந்த வண்டி நின்ற இடத்திலேயே நின்று வாடகை ஏறும். டிரைவர் பேட்டா தனி.

ராணிக்கேத்_அக்கா எழுதியது:

பாலு தம்பி கடைசியாகச் சொன்னது சரி. என் கணவர் ராணுவத்தில் இருந்தவர், குமாவுன் ரெஜிமென்ட் மையம் இருக்கிற ராணிக்கேத்தில் சில வருடம் குடியிருந்தோம். டிரைவர் விஷயத்தில் யாரும் எழுதாத ஒன்று: ராத்திரி அவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். பல இடங்களில் விருந்தாளிக்கு ரஜாய், ஹீட்டர் எல்லாம் இருக்கும், டிரைவர் வண்டிக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். நவம்பரில் அந்த உயரத்தில் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். டிரைவருக்கு அறையும் சாப்பாடும் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஹோட்டல் மெனுவில் பனீர் பட்டர் மசாலாதான் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, 'பஹாடி கானா' (மலைச் சாப்பாடு) வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவையுங்கள், ஏனென்றால் பாதிச் சமையலுக்கு ஊறவைக்க வேண்டும். மண்டுவா ரொட்டி வரும், நம்ம கேழ்வரகுதான், நெய்யும் வெல்லமும் வைத்துத் தருவார்கள். கஹத் தால் என்பது கொள்ளு. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று அங்கேயும் சொல்கிறார்கள். ஜங்கோரா கீர் என்றால் குதிரைவாலிப் பாயசம். பட் கி சுட்கானி என்று கறுப்புச் சோயாவை வறுத்து இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்த குழம்பு ஒன்று உண்டு. பார்க்கக் கரேல் என்று இருக்கும், ஆனால் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் விடமாட்டீர்கள். பங்கு, அதாவது கஞ்சாச் செடியின் விதையில் அரைக்கிற துவையலுக்குப் பயப்பட வேண்டாம், விதையில் போதை கிடையாது. வெள்ளரிக்காய் ராய்தாவில் கடுகை அரைத்துப் போடுவார்கள், மூக்கில் ஏறும்.

குளிர்காலம் தொடங்கியதும் மத்தியான வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து நிம்பு சான் செய்வார்கள். கைப்பிடிக்கு அடங்காத மலை எலுமிச்சையை உரித்து, தயிர், முள்ளங்கி, அரைத்த பங்கு விதை, வெல்லம் எல்லாம் போட்டுப் பிசைவார்கள். ஒரு வீட்டில் பிசைந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். உங்கள் மனைவிக்கு இந்தி வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தட்டை நீட்டிவிடுவார்கள். கடையில் இது கிடைக்காது. ஒரே வீட்டில் மூன்று நான்கு நாள் தங்கினால்தான் நடக்கும்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

அக்கா, படிக்கும்போதே பசிக்கிறது. நைனிடாலை விடச் சம்மதம். ஆனால் முன்ஸ்யாரியை விட மனம் வரவில்லை. பஞ்சசூலிப் பனிச் சிகரங்களை அவ்வளவு பக்கத்தில் வேறு எங்கே பார்ப்பது? இவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வருவதா?

கோசிக்கரை எழுதியது:

வேலை நிமித்தம் அல்மோரா பக்கம் குடியிருக்கிற தமிழன் நான். உங்கள் கேள்விக்கு முதலில் பதில்: பின்சாரில் ஜீரோ பாயின்ட் என்று ஒரு மேடு உண்டு, சுமார் 2,400 மீட்டர் உயரம். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே சௌகம்பாவிலிருந்து திரிசூல் (7,120 மீட்டர்), நந்தா தேவி (7,816 மீட்டர்), நந்தா கோட், கிழக்கே பஞ்சசூலி வரை ஒரே வரிசையாகத் தெரியும். நவம்பரில் வானம் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். சாலை முடிகிற இடத்திலிருந்து அந்த மேட்டுக்கு ஓக், புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) மரங்களுக்கு நடுவே அதிக ஏற்றமில்லாத பாதை. மூட்டுவலிக்காரர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து போகிறார்கள்.

முன்ஸ்யாரி வேறு விஷயம்தான், மறுக்கவில்லை. ஜோஹார் பள்ளத்தாக்கின் வாசல் அது. 1962 போர் வரைக்கும் அங்கிருந்த ஷௌக்கா வணிகர்கள் கணவாய்களைக் கடந்து திபெத்தோடு உப்பும் கம்பளியும் வியாபாரம் செய்தார்கள். போர் வந்ததும் ஒரே வருடத்தில் ஒரு பிழைப்பே நின்றுபோயிற்று. நைன் சிங் ராவத் அந்தப் பள்ளத்தாக்குக்காரர். 1865-66இல் பிரிட்டிஷ் சர்வே துறைக்காக வேஷம் போட்டு லாசாவுக்கு நடந்தே போனார். 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலை, நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவது, குறிப்புகளை எல்லாம் ஜபச் சக்கரத்துக்குள் மறைத்து வைப்பது என்று ஒரு நாட்டையே காலடியால் அளந்தார். அந்த மண்ணுக்கு இரண்டு இரவு ஒதுக்குவது மரியாதை இல்லை. அடுத்த முறை முன்ஸ்யாரிக்கென்றே தனியாக வாருங்கள்.

நிழல்விரும்பி எழுதியது:

'பார்க்காமல் வருவதா' என்ற கேள்விக்கு நம்மிடமே பழைய பதில் ஒன்று இருக்கிறது. அப்பர் கயிலைக்கு நடந்தார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் ஒரு முனிவர் வந்து திரும்பிப் போ என்கிறார். அங்கே குளத்தில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார், அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது என்பது கதை. சம்பந்தரோ காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தையும் கயிலையையும் பாடிவிட்டார். போகாமல் விடுவதிலும் ஒரு ருசி உண்டு ஐயா.

ஜாகேஷ்வருக்குக் கட்டாயம் போங்கள். தேவதாரு மரங்கள் அடர்ந்த குறுகலான பள்ளத்தாக்கு, நடுவே ஜடா கங்கை என்கிற ஓடை, கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள். 7ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல காலத்தில் கட்டியவை. சில ஆள் உயரம்கூட இல்லை. பெரிய கோயில்கள் சிலவற்றில் இன்றும் பூசை நடக்கிறது. ஜோதிர்லிங்கம் என்று சொல்லிக்கொள்வதில் குஜராத்தோடும் மகாராஷ்டிராவோடும் போட்டி உண்டு, அந்த வழக்கு நமக்கு வேண்டாம். டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் மத்தியானம் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். அங்கேயே இரவு தங்கினால் விடிகாலைப் பூசையும் சாயங்கால ஆரத்தியும் உங்களுக்கே உங்களுக்கு.

உண்மையிலேயே தனிமைதான் வேண்டும் என்றால் லோஹாகாட் பக்கம் மாயாவதி இருக்கிறது. விவேகானந்தரின் சீடர்களான சேவியர் தம்பதி 1899இல் நிறுவிய அத்வைத ஆசிரமம். அங்கே எந்த உருவத்துக்கும் பூசை கிடையாது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். விவேகானந்தர் மேலை நாட்டிலிருந்து திரும்பி 1897இல் பாம்பனில் இறங்கி, ராமநாதபுரம், மதுரை, சென்னை எல்லாம் வரவேற்பு முடிந்து, உடம்பு தேறுவதற்குப் போய் உட்கார்ந்த இடமும் அல்மோராதான்.

பட்ஜெட்_பாலு எழுதியது:

காசார் தேவியில் காந்த சக்தி இருக்கிறதாமே? நாசா வந்து ஆராய்ந்து, வான் ஆலன் பட்டை அந்தக் கோயிலுக்கு நேர் மேலே இருக்கிறது என்று சொன்னதாக எத்தனை வீடியோ! அங்கே உட்கார்ந்தால் தியானம் தானாக வருமாம்.

கோசிக்கரை எழுதியது:

டாக்ஸி டிரைவர் முதல் யூடியூப்காரர் வரை எல்லாரும் சொல்வதுதான். வான் ஆலன் பட்டைகள் என்பவை கதிர்வீச்சு வளையங்கள், தரையிலிருந்து பல நூறு கி.மீ. உயரத்துக்கு மேலே தொடங்கி, பூமியையே சுற்றி இருப்பவை. ஒரு முகட்டுக்கு மட்டும் அவை தனியாக இறங்கி வராது. அந்த முகட்டுக்கு இந்தக் கதையெல்லாம் தேவையும் இல்லை. விவேகானந்தர் அங்கே ஒரு பாறைக் குகையில் தியானம் செய்தார். பின்னால் லாமா அனாகரிக கோவிந்தா வருடக்கணக்கில் அந்த முகட்டில் குடியிருந்தார். 1960களில் ஹிப்பிகள் வந்தார்கள். ஒரு பக்கம் பனிமலை, இன்னொரு பக்கம் அல்மோரா நகரம், நடுவில் பைன் காற்று. உட்காருவதற்கு இது போதாதா?

ஒரு தமிழ்த் தொடர்பு சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. 1930களின் இறுதியில் நடனக் கலைஞர் உதயசங்கர் அல்மோராவில் சிம்தோலா பக்கம் ஒரு கலை மையம் நடத்தினார். அங்கே பரதநாட்டியம் கற்றுக்கொடுத்தவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான். போரும் பண நெருக்கடியும் சேர்ந்து சில வருடத்திலேயே மையம் மூடிப்போயிற்று. சிம்தோலாவுக்கு நடந்து போகும்போதெல்லாம் தட்டுக்கழி சத்தம் அந்தப் பைன் காட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிப்பேன்.

வெண்பனி எழுதியது:

நான் பெண், தனியாகப் போக நினைக்கிறேன், அதனால் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். இரண்டு கேள்வி. கிராமங்களுக்கு நடுவே தனியாக நடக்கலாமா? 'ஜாகர்' என்று இரவு முழுவதும் நடக்கிற சடங்கு பற்றிப் படித்தேன், அதைப் பார்க்க ஏற்பாடு செய்துதருகிறார்களா?

ராணிக்கேத்_அக்கா எழுதியது:

பகலில் தாராளமாக நடக்கலாம் மா. வழியெல்லாம் புல் அறுக்கிற பெண்கள் எதிரே வருவார்கள், 'கஹான் ஜா ரஹே ஹோ' (எங்கே போகிறாய்) என்று ஒவ்வொருவரும் விசாரிப்பார்கள். அதுவே பாதுகாப்பு. ஆனால் இருட்டிய பிறகு ஒரு எட்டும் வைக்காதே. மனிதர்களுக்குப் பயந்து சொல்லவில்லை, சிறுத்தைக்குப் பயந்து சொல்கிறேன். அங்கே சாயங்காலமானால் நாயைக்கூட வீட்டுக்குள் கட்டிவிடுவார்கள்.

கோசிக்கரை எழுதியது:

ஜாகர் பற்றி. நம்ம ஊர்க் கொடையில் சாமி வந்து ஆடுவது தெரியுமல்லவா, அந்த வகை. ஜகரியா என்பவர் ஹுட்கா என்கிற உடுக்கை வாசித்துத் தெய்வத்தின் கதையைப் பாடப் பாட, டங்கரியா என்கிற சாமியாடி மேல் தெய்வம் இறங்கும். வீட்டில் ஒருவருக்கு நோய், தொடர்ந்து கஷ்டம், தீராத தகராறு என்று ஏதோ ஒரு துன்பம் வந்து, அதற்காகக் குடும்பம் நடத்துகிற சடங்கு. காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். தங்கியிருக்கிற வீட்டில் அவர்களாகக் கூப்பிட்டால் ஓரமாக உட்காருங்கள், போனை எடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் சிதயி போங்கள். அல்மோராவிலிருந்து ஜாகேஷ்வர் போகிற வழியில் கோலு தேவதா கோயில். நீதி கேட்கிற தெய்வம். ஸ்டாம்ப் பேப்பரில் மனு எழுதிக் கட்டியிருப்பார்கள்: நிலத் தகராறு, மாமியார் கொடுமை, வேலை கிடைக்காதது, கோர்ட் கேஸ். வேண்டியது நடந்தால் மணி கட்டுவார்கள், ஆயிரக்கணக்கில் தொங்கும். மனுக்களை நின்று படிக்காதீர்கள், அவை உங்களுக்கு எழுதியவை இல்லை.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

கோசிக்கரை அவர்களே, நீங்கள் அங்கேயே இருப்பதால் கேட்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வந்து 'அமைதி, அமைதி' என்று உட்கார்ந்துவிட்டுப் போவதை உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? ஹோம்ஸ்டே காசு அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா?

கோசிக்கரை எழுதியது:

நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைகளில் வெளியார் சொகுசாகப் பயணம் போனதற்கு ஒரு கசப்பான கதை உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் அதிகாரியோ வேட்டைக்குப் போகிற துரையோ வந்தால், வழியிலுள்ள கிராமத்தார் அவர்கள் மூட்டையைச் சுமக்க வேண்டும், பாலும் நெய்யும் விறகும் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கூலி இல்லாமல். யார் முறை என்று கிராமத் தலைவர் பதிவேட்டில் பெயர் எழுதி வைத்திருப்பார். அறுவடை நேரமானாலும் கூப்பிட்டால் போக வேண்டும். 1921 ஜனவரியில் மகர சங்கராந்தி அன்று பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா. சரயுவும் கோமதியும் சேருகிற இடத்தில் பல ஆயிரம் பேர் கூடினார்கள். பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் முன்னின்றார்கள். இனிமேல் சுமக்கமாட்டோம் என்று சபதம் செய்து, அந்தப் பதிவேடுகளைத் தூக்கிச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்த வழக்கம் அதோடு ஒழிந்தது. நம் வீட்டில் பொங்கல் பொங்கிய ஒரு நாள் அது.

அதனால்தான் அக்கா டிரைவர் அறையைப் பற்றி எழுதியதும் சந்தோஷப்பட்டேன். நம் நிதானத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

இப்போதைய நிலவரம். நீங்கள் ரசிக்கப் போகிற அமைதியில் ஒரு பகுதி, ஆள் இல்லாததால் வந்த அமைதி. மாநில அரசின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கொடுத்த கணக்குப்படி, 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் காலியாகிவிட்டன. இளைஞர்கள் ஹல்த்வானிக்கும் டெல்லிக்கும் போய்விட்டார்கள். படிக்கட்டு வயல்களில் பாதி தரிசு. பயிர் வைத்தாலும் காட்டுப்பன்றியும் குரங்கும் விடுவதில்லை. செதுக்கிய மரக் கதவும் கல் ஓடும் போட்ட வீடுகள் பூட்டிக் கிடக்கும். 'எவ்வளவு அழகான பழைய வீடு' என்று போட்டோ எடுப்பதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இன்னொன்று. பழைய ஊர்களில் நௌலா என்று கல் கட்டிய ஊற்றுகள் உண்டு. சிலவற்றில் விஷ்ணு சிற்பம் இருக்கும், செருப்போடு இறங்கமாட்டார்கள். பல வற்றிவிட்டன. பாஞ்ச் எனப்படும் ஓக் காடு மழைநீரைப் பிடித்து வைக்கும். அது குறைந்த இடமெல்லாம் சிர் பைன் வந்துவிட்டது. பைன் ஊசி காய்ந்து தரையில் மெத்தையாகக் கிடக்கும், கோடையில் ஒரு தீப்பொறி போதும். 2024 ஜூனில் பின்சாரில் தீயை அணைக்கப் போன வனத்துறை ஆட்களே சிலர் இறந்துபோனார்கள். அதே வருடம் ஜாகேஷ்வர் சாலையை அகலப்படுத்தத் தேவதாரு மரங்களுக்கு வெட்டுக்குறி போட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அகலச் சாலை யாருக்காக? ஒரே நாளில் மூன்று ஊர் பார்த்துவிட்டு ஓடுகிற வண்டிகளுக்காகத்தான். என் கோபம் கொஞ்சம் தெரிகிறது, மன்னியுங்கள்.

காசு போய்ச் சேருகிறதா என்று கேட்டீர்கள். பெயர்ப்பலகையில் ஹோம்ஸ்டே என்று இருந்தாலும் பல இடங்களை டெல்லிக்காரர் குத்தகைக்கு எடுத்து, நேபாளத்துப் பையன் ஒருவனை வைத்து நடத்துகிறார். போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறீர்களா, யார் சமைப்பார்கள்?' பதிலிலேயே தெரிந்துவிடும். பின்சார் சரணாலயத்துக்குள் தலார், கோனாப், கத்தாரா மாதிரிக் கிராமங்கள் இருக்கின்றன. சாலை போகாத இடங்கள், ஊர்க்காரர்களே விருந்தினர் வீடு நடத்துகிறார்கள், வழிகாட்டியும் உள்ளூர் ஆள். உங்கள் மனைவிக்கு அந்த இறக்கம் சிரமம். வெண்பனி, உங்களுக்கு அது மிகவும் பொருத்தம்.

உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு: நாலாவது நாள் அதே டீக்கடைக்குப் போனால் ஆளாகப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் நீங்கள் கஸ்டமர்தான். அதிலும் தப்பில்லை.

மலைக்கிறுக்கன் எழுதியது:

அருமையான பதிவு. ஒரு மாறுபாடு மட்டும். எல்லாப் பயணியும் எல்லாத் துன்பத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டும் என்றால் மலையை எப்போது பார்ப்பது? காசு கொடுத்து, மரியாதையாக நடந்து, குப்பையைத் திரும்ப எடுத்து வந்தால் போதும் என்பது என் கட்சி.

கோசிக்கரை எழுதியது:

மூன்றையும் செய்கிறவர்கள் வந்தாலே இங்கே பாதிப் பிரச்சினை தீரும். ஒப்புக்கொள்கிறேன்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

மனைவியோடு உட்கார்ந்து திட்டத்தை மாற்றிவிட்டோம். பழைய டெல்லியிலிருந்து ராணிக்கேத் எக்ஸ்பிரஸ், விடிகாலை காத்கோதாம். அங்கிருந்து டாக்ஸி காசார் தேவி வரை, அதோடு அனுப்பிவிடுவோம். ஐந்து இரவு அங்கேயே. ஒரு நாள் அல்மோரா கடைத்தெரு, கல் பாவிய தெருவும் செம்புப் பாத்திரப் பட்டறைகளும் பார்க்க வேண்டும். அப்புறம் உள்ளூர் டாக்ஸியில் சிதயி வழியாக ஜாகேஷ்வர், மூன்று இரவு. கடைசியாகப் பின்சாரில் இரண்டு இரவு. முன்ஸ்யாரியும் மாயாவதியும் இந்த முறை இல்லை. டிராவல்ஸ்காரர் 'இதில் பார்க்க என்ன சார் இருக்கிறது' என்று கேட்டார்.

கடைசிக் கேள்விகள்: பணம் கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது, கம்பளி எந்த அளவுக்கு, அல்மோராவில் என்ன வாங்கலாம்?

ராணிக்கேத்_அக்கா எழுதியது:

அல்மோராவில் ஏடிஎம் இருக்கிறது, ஜாகேஷ்வர் போவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். யூபிஐ எல்லாக் கடையிலும் உண்டு, சிக்னல்தான் இருக்காது. பின்சாரில் பல இடங்களில் மின்சாரம் சில மணி நேரம்தான், டார்ச்சும் பவர்பேங்கும் அவசியம். பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், ஐந்து மணிக்கு மேல் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் மூன்றும் வேண்டும். மனைவிக்கு முழங்கால் உறை ஒன்று வாங்கிவிடுங்கள், ஊன்றுகோல் அங்கேயே கிடைக்கும்.

பால் மிட்டாய் வாங்காமல் வராதீர்கள், பழுப்பு நிறக் கோவாக் கட்டியில் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்கும். சிங்கோடியும் வாங்குங்கள், கூம்பாகச் சுருட்டிய மாலு இலைக்குள் வைத்திருப்பார்கள். ஆனால் சிங்கோடியை அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும், ரயிலில் திருநெல்வேலி வரை தாங்காது. பால் மிட்டாய் தாங்கும்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

பால் மிட்டாய் இரண்டு கிலோ என்று மனைவி இப்போதே எழுதி வைத்தாயிற்று. டெல்லி வரை டிக்கெட் உறுதியாகிவிட்டது, காத்கோதாமுக்கு மட்டும் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. பகல் சதாப்தியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.